வெள்ளி அரைஞாண்

அத்தியாயம் 14

வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நின்று சிறுநீர் கழிக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்காத வீடு கிடையாது. அன்று காலை நித்யஸ்ரீ சிரிக்கவில்லை.

ஒன்றரை வயது நிதீஷ் தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, ஏதோ பெரிய காரியம் செய்கிற முகத்தோடு நின்றான். நுனியிலிருந்து ஒரு தாரை போனது. அதற்குக் கீழே, தையல் போட்டிருந்த இடத்திலிருந்து, நூல் கனத்தில் இன்னொன்று கசிந்து தொடை வழியாக இறங்கியது.

நித்யஸ்ரீ குனிந்து பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

போர்ட்டிகோவில் நின்ற அவள் மாமனார் காளிச்சாமியும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலக் குனிந்து செருப்பைத் தேடினார். இரண்டு செருப்பும் அவர் காலில்தான் இருந்தன.

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காளிச்சாமியின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, குலக்கோயில் முதல் மரியாதை என்று எது வந்தாலும், “அவரு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா முடிஞ்சுதுங்க” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சம்பாதிக்க மூன்று தலைமுறை ஆயிற்று. அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதத்துக்கு முன்பு தன் வீட்டுக்குள்ளேயே ஒரு பொய் சொன்னார்.

பேரன் பிறக்கும்போதே சிறுநீர் வரும் துவாரம் நுனியில் அமையாமல் அடிப்புறத்தில் அமைந்திருந்தது. ஆண் குழந்தைகளில் சிலருக்கு இப்படி இருப்பதுண்டு, அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் ஹுமேரா சொன்னார். அதைக் கேட்ட அன்றே காளிச்சாமி முடிவு செய்துவிட்டார்: வெளியே கேட்டால் குடலிறக்கம். ஆண் வாரிசுக்கு அந்த இடத்தில் குறை என்று ஒரு வாயில் விழுந்தால், நாளைக்கு அவனுக்குப் பெண் கேட்டுப் போகும் வாசல் வரைக்கும் அந்தப் பேச்சு கூடவே வரும். அவர் அஞ்சியதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிப் பேசுகிற வாய்கள் நம்மிடையே இருக்கத்தான் செய்கின்றன.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதிதாக அமைத்த பாதை ஆறும் வரை அதற்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, மேலே வயிற்றில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி அனுப்பினார்கள். ஒரு வாரம் அதை யாரும் தொடக்கூடாது. பிள்ளையைக் காலை அகட்டி இடுப்பில் தூக்கக்கூடாது. இத்தனையும் நித்யஸ்ரீ மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அறுவை அறைக்குள் கொண்டுபோகும் முன் நர்ஸ், குழந்தையின் இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றைக் கத்தரித்து எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அது வெறும் கயிறு. ஆனால் நம் பக்கத்தில் ஓர் ஆண்மகன் இடுப்பில் அரைஞாண் இல்லாமல் கிடப்பது ஒரே ஒரு நாள்தான். அன்று அவனுக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்த பேரனின் வெறும் இடுப்பைப் பார்த்ததிலிருந்து காளிச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

பங்காளி வீட்டு ஆட்களோடு தங்கை ராசாத்தாள் பார்க்க வருகிறாள் என்று தகவல் வந்த மத்தியானம், நித்யஸ்ரீ குளிக்கப் போயிருந்த நேரத்தில், புது வெள்ளி அரைஞாணை எடுத்துக்கொண்டு அவர் குழந்தையிடம் போனார். கொடி தோலில் பட வேண்டும் என்பதற்காக வயிற்றுப் பிளாஸ்திரியைப் பிரித்தார். பிள்ளை காலை உதைத்தான். குழாய் கொடியில் மாட்டி, கையோடு வந்துவிட்டது.

அதை டயப்பருக்குள் அப்படியே வைத்து மூடினார். அன்று மாலை குழாய் டயப்பரில் கிடப்பதைக் கண்டு நித்யஸ்ரீ பதறியபோது, “கயிறு கட்டறப்பவே கொழாயக் காணமே” என்றார். உடனே கோயமுத்தூர் போகலாம் என்று அவள் கெஞ்சியபோது, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னவென்று சொல்லிப் புறப்படுவது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதன் பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒரே கதைதான். முந்தின இரவு நித்யஸ்ரீ தூங்கிவிட்டாள். கை பட்டிருக்கும். குழாய் அப்போதே நழுவியிருக்கும்.

அவளும் அதையே நம்பினாள்.

“ஏனம்மிணி, இன்னும் கெளம்பலியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள் ராசாத்தாள். சென்னிமலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை. பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறிக்க வேண்டும் என்று முந்தின நாளே வந்திறங்கியிருந்தாள். இன்று ஆஸ்பத்திரிக்கும் தானும் வருவதாகச் சேலை மாற்றியிருந்தாள்.

“கெளம்பிட்டனுங்க. இவனுக்குத் துணி மாத்தோணும், அவ்வளவுதானுங்க.”

“ஒரு குடலெறக்கத்துக்கு எத்தன தடவைதான் கோயமுத்தூரு போவீங்களோ! எங்கூர்ல ஒருத்தனுக்குக் காலைல பண்ணுனாங்க. மறுநாளு தறிக்கடியில பூந்து வெளையாடிட்டு இருந்தான்.”

“இவனுக்குக் காயம் இன்னும் ஆறலீங்க.”

“எப்படி ஆறும்? காயத்துக்கு வெச்ச கொழாய் உளுந்ததுகூடத் தெரியாம ஆத்தாக்காரி தூங்குனா?” ராசாத்தாள் குழந்தையின் இடுப்பைத் தடவினாள். “எங்கண்ணன் கட்டுன கொடி பாரு, நிக்குது. நீ பாத்துக்கிட்ட கொழாய் நிக்கல. கை ராசின்னு ஒண்ணு இருக்குதல்லொ.”

நித்யஸ்ரீ துண்டுகளை மடித்துப் பையில் வைத்தாள். மடித்ததையே எடுத்து மறுபடி மடித்தாள்.

“ராசாத்தா, போதும். நேரமாகுது” என்றார் காளிச்சாமி.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கே மருமகள் அவரை நன்றியோடு ஏறிட்டுப் பார்த்தாள். தங்கையின் ஏச்சைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைப் பொறுக்க முடியாமல் விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்தார்.

காரை மகன் மதன்குமார் ஓட்டினான். கோபியில் டிராக்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். அப்பா சொன்னால் மறுகேள்வி கேட்காத பிள்ளை என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயர் அவனுக்கு எத்தனை வசதியாக இருந்தது என்பதை நித்யஸ்ரீதான் சொல்ல வேண்டும்.

பின்சீட்டில் அவள் குழந்தையை இரண்டு கைகளிலும் குறுக்காக ஏந்தி வைத்திருந்தாள். இடுப்பில் வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன கெடு முடிந்து நாளாகிவிட்டது. அவள் விடவில்லை. ஏந்தி ஏந்தி வலது மணிக்கட்டு வீங்கி, எண்ணெய்த் துணி சுற்றியிருந்தாள்.

“மாசியில வெச்சுக்கலாமுங்ண்ணா” என்று ராசாத்தாள் ஆரம்பித்தாள். “தாய்மாமன் மடியில உக்கார வெச்சு, ரெண்டு கெடா வெட்டி, ஊரக் கூட்டிப்போடலாம். உங்க பேரன் காதுகுத்துன்னா சும்மாவா?”

“மாசி வேண்டாமுங்க” என்றாள் நித்யஸ்ரீ.

“ஏனாமா?”

“இன்னைக்குக் காலைல ஒண்ணு பாத்தனுங்க. டாக்டர் பாத்துச் சொல்லட்டுங்க.”

மதன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “என்ன பாத்த?”

ராசாத்தாள் இருக்கிறாளே என்று அவள் தயங்கினாள். “கசியுதுங்க” என்றாள் மெதுவாக.

வண்டி புளியம்பட்டியைத் தாண்டியது. மதன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் முழிச்சிருக்க முடியல உன்னால.”

“ரெண்டு ராத்திரி உக்காந்தேதானுங்க இருந்தேன். அன்னிக்குத்தான்...”

“அன்னிக்குத்தான்!”

காளிச்சாமி முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகு சீட்டில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்தது. சொன்னால் மகன் என்ன நினைப்பான், தங்கை எத்தனை வீட்டில் போய்ச் சொல்வாள் என்றும் தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமே. அப்புறம் எதற்கு? அன்னூர் வந்தது. போனது.

ஆஸ்பத்திரியில் ராசாத்தாளைக் கீழே கேண்டீனில் காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் மாடிக்குப் போனார்கள்.

டாக்டர் ஹுமேரா குழந்தைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக் காத்திருந்தார். நிதீஷ் அவருடைய பேனாவைப் பிடுங்கி, மூடியைக் கடித்து, கடைசியில் அவருடைய கோட்டு மேலேயே போனான்.

“சபாஷ்! இதுக்குத்தான கண்ணு காத்துட்டிருந்தேன்” என்று சிரித்தார் டாக்டர். ஆனால் அவர் கண் சிரிக்காமல் இரண்டு தாரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

“சின்னதா ஒரு ஓட்டை விழுந்திருக்குங்க. பயப்படாதீங்க, இது வர்றது உண்டு. சிலது தானா மூடிக்கும். ஆறு மாசம் பாப்பம். மூடலைன்னா இன்னொரு ஆப்பரேஷன் பண்ணி அடைச்சிரலாம்.”

“இப்பவே பண்ணிரலாமுங்களே டாக்டர்” என்றான் மதன்.

“இப்ப அந்த எடம் கல்லாட்டம் இருக்கு. மெத்துனு ஆகாம கை வெச்சா மறுபடி பிச்சுக்கும். அப்பறம், முன்னாடி வழி குறுகலா இருக்கான்னு பாக்கணும். முன்னாடி அடைச்சுக்கிட்டா தண்ணி பின்னாடி ஒடச்சுட்டு வரும். நீங்க வெவசாயம் பண்றவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

காளிச்சாமிக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ மடை உடைப்பை மண்வெட்டியோடு நின்று பார்த்தவர்.

“என்னாலதானுங்க டாக்டர்” என்றாள் நித்யஸ்ரீ. “நான் சரியாப் பாத்துக்கல.”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. குழாய் முன்னாடியே வந்துட்ட எல்லாருக்கும் ஓட்டை விழறதில்ல. கடைசி வரைக்கும் குழாய் இருந்த பசங்களுக்கும் விழுந்திருக்கு.” டாக்டர் கணினியில் பழைய குறிப்பைப் பார்த்தார். “குழாய் தானா நழுவிருச்சுன்னு சொன்னீங்க இல்லீங்களா? அதுதான் எனக்குப் புரியல. அத ஒரு தையல் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். தானா வந்துச்சுன்னா என் தையல் நிக்கலைன்னு அர்த்தம். அடுத்த தடவை நான் என் முறையவே மாத்தணும்.”

காளிச்சாமி பேரன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி. அடுத்த தடவை வந்துச்சுன்னா, குழாய் எடுக்கற வரைக்கும் பையன யாரு பாத்துக்குவீங்க? பொறுப்பு ஒரே ஆள் கையில இருக்கணும்.”

“எங்கப்பாவுங்க” என்றான் மதன் உடனே. “அவரு ரூம்லயே வெச்சுக்கறோம். அவரு ஒண்ணச் சொன்னா சொன்னபடி செய்வாரு. இவளுக்கு ஆகாதுங்க, தூங்கிருவா.”

டாக்டர் நித்யஸ்ரீயைப் பார்த்தார்.

“செரிங்க” என்றாள் அவள். “மாமாவே பாத்துக்கட்டுங்க. எனக்கே என்மேல நம்பிக்கை இல்லீங்க.”

காளிச்சாமி எழுந்து நின்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். பஞ்சாயத்தில் தப்புச் செய்தவர்கள் அவர் முன்னால் அப்படி நிற்பார்கள். எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியவர்தான் அவர். நின்று பேசுவது இத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

“டாக்டரம்மா, கொழாய் தானா உளுகல. நாந்தான் புடுங்கிப்போட்டேன்.”

மதன் தலையைத் திருப்பினான். “அப்பா?”

“பையனுக்கு அர்ணாக்கொடி கட்டறப்ப மாட்டிருச்சு. தெரியாம மாட்டுனது. ஆனா மாட்டுனது தெரியும்.”

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டியிருந்தால் தலை குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் திட்டவில்லை. கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் மருமகள் எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“எந்தப் பக்கமாங்க இழுபட்டுச்சு? மேலயா, கீழயா?”

“மேலயுங்க. வயித்துப் பக்கம்.”

“ஒரேயடியா வந்துருச்சா, விட்டு விட்டா?”

“ஒரேயடியா.”

“ரத்தம்?”

“ரெண்டு சொட்டுங்க. துண்டுல தொடச்சுப்போட்டேன்.”

“கொழந்த அழுதானா?”

காளிச்சாமி துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “அழுதானுங்க.”

“ரொம்ப நேரமா?”

“ரொம்ப நேரம்.”

“அன்னிக்கு” என்றாள் நித்யஸ்ரீ. அவளுடைய குரல் உயரவில்லை. “நான் தலையக்கூடத் தொவட்டாம ஓடி வந்தனுங்க. பசிக்கு அழுகறான், பால் காய்ச்சிட்டு வான்னு சொன்னீங்க. ஓடிப் போய்க் காய்ச்சிட்டு வந்து குடுத்தனுங்க.”

“ஆமா அம்மிணி.”

“கயிறு கட்டறப்ப கொழாய் இருந்துச்சாங்க மாமான்னு அன்னிக்குச் சாயங்காலம் உங்ககிட்டக் கேட்டனுங்க.”

“கேட்ட.”

“இல்லைன்னீங்க.”

“சொன்னேன்.”

“நீங்க சொன்னா அது பொய்யா இருக்காதல்லங்க? அப்ப நானாத்தான் இருக்கணும். ராத்திரி பொரண்டு படுத்திருப்பேன், கை பட்டிருக்கும்னு நெனச்சேன். தெனமும் நெனச்சு நெனச்சு...” அவள் தன் வலது கையை, துணி சுற்றிய மணிக்கட்டோடு, வேறு யாருடைய கையோ போலப் பார்த்தாள். “என் கை அதுமேல பட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க மாமா. எந்த எடத்துல பட்டுச்சுன்னுகூடச் சொல்லுவேன். நடக்கவே இல்ல. ஆனா ஞாபகம் இருக்குது.”

அறையில் நிதீஷ் மட்டும் பேனா மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் எழுதி முடித்தார். “இப்பவாவது சொன்னீங்களே, நல்லதுங்க. இல்லைன்னா இல்லாத ஒண்ணுக்காக நான் என் முறைய மாத்தியிருப்பேன். அடுத்த தடவை தேவைப்பட்டா, குழாய் எடுக்கற வரைக்கும் இங்கயே வெச்சுக்குவம். அதுவரைக்கும் தண்ணி நெறையக் குடுங்க, மலச்சிக்கல் வராமப் பாத்துக்குங்க, மூணு சக்கர சைக்கிள் மேல ஏத்தாதீங்க. அம்மாகிட்டயே இருக்கட்டும் பையன்.”

பிறகு காளிச்சாமியைப் பார்த்தார்.

“கயிறு கட்டறது தப்பில்லீங்க ஐயா. எங்ககிட்ட வர்ற பாதிப் பேரு கேக்கறாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா கொழாய்ல படாம எங்க கட்டலாம்னு நானே சொல்லியிருப்பேன். மாட்டுன உடனே கூட்டிட்டு வந்திருந்தாலும் அன்னிக்கே பாத்திருப்பேன்.”

ஒரு போன். பேரனின் அந்த இடத்தைப் பற்றி ஒரு பெண்ணிடம் வாய்விட்டுக் கேட்பது கௌரவக் குறைவு என்று காளிச்சாமி அதைச் செய்யாமல் விட்டிருந்தார்.

கீழே ராசாத்தாள் காத்திருந்தாள். இறங்கி வந்த முகங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“என்னாச்சு? ஆறலையாமா? நாஞ் சொல்லல? ஏம்புள்ள, ஒத்தப் புள்ளையப் பாக்கத் தெரியாத உன்னய நம்பி...”

“நிறுத்து ராசாத்தா.”

கேண்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காளிச்சாமி பொது இடத்தில் குரல் உயர்த்துகிறவர் அல்லர். தங்கை அப்படியே நின்றாள்.

“இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. கொழாயப் புடுங்குனது நானு. பழிய இவ தலையில போட்டதும் நானு. இன்னொண்ணும் கேட்டுக்க. பையனுக்குக் குடலெறக்கமே இல்ல. ஒண்ணுக்குப் போற ஓட்டை நுனியில இல்லாம கீழ இருந்துச்சு. பொறப்புலயே. அதுக்குத்தான் ஆப்பரேஷன் பண்ணுனது. கேக்கறவங்களுக்கு இனி அப்படியே சொல்லிக்க.”

ராசாத்தாள் கையிலிருந்த டம்ளரை மேசை மேல் வைத்தாள். ஏச்சும் இல்லை, கேள்வியும் இல்லை. அவளை அறிந்தவர்களுக்கு அது வழக்கமில்லாத காட்சி.

நித்யஸ்ரீ மாமனாரிடம் வந்தாள்.

“நான் இன்னைக்குச் சத்தி போறனுங்க மாமா. எங்கம்மாகிட்ட.”

“கோவமாம்மிணி?”

“கோவம்தானுங்க. இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிரும். ஆனா அதுக்காகப் போகலீங்க. எங்கம்மாகிட்டயே குடலெறக்கம்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னா யாருகிட்ட அழுகறதுன்னு தெரியாம ஒரு மாசம் இருந்தாச்சு. அத மாத்திச் சொல்லோணும்.”

“எப்ப வருவ?” என்றான் மதன்.

அவள் கணவனைப் பார்த்தாள். “தெரியலீங்க” என்றாள். “நீங்க என்கிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லலியே.”

மதன் குழந்தையைக் கேட்டுக் கையை நீட்டினான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கொடுத்தாள். அவன் அதுவரை பழகாத விதத்தில், இரண்டு கைகளிலும் குறுக்காக, தடுமாறி ஏந்திக்கொண்டான்.

“காரை எடுத்துட்டுப் போ” என்றார் காளிச்சாமி. “சத்தியில கொண்டு போயி உட்டுப்போட்டு, அங்க அவ அம்மா என்ன சொன்னாலும் கேட்டுட்டு வா. எதுத்துப் பேசாத. எம்பேரச் சொல்லித் திட்டுனாலும் வாங்கிக்க. நாங்க பஸ்ஸுல போய்க்கறோம்.”

காந்திபுரத்தில் கோபி பஸ் கூட்டமாக இருந்தது. அவரை அடையாளம் கண்டு ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். “வாங்கய்யா, காரு என்னாச்சுங்க?” என்று கேட்டான். “ஊட்டுக்கே திருப்பி உட்டுட்டேன்” என்று சொல்லியிருந்தால் கேள்வி முடிந்திருக்கும். “மருமக பொறந்த ஊட்டுக்குப் போயிருக்குது. நான் ஒரு தப்புச் செஞ்சுபோட்டேன்” என்றார். அவன் அடுத்த கேள்வி கேட்காமல் நகர்ந்துகொண்டான்.

ராசாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவிநாசி வந்தது. சென்னிமலைக்குப் போய்ச் சேர்ந்ததும் யார் யாரிடம் சொல்வது என்று அவள் வரிசைப்படுத்திக்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார். சொல்லட்டும். மடை உடைந்த பிறகு வரப்பில் உட்கார்ந்து என்ன செய்வது?

சேவூர் தாண்டி, கூட்டம் குறைந்து, பக்கத்துச் சீட்டுக்காரரும் இறங்கிப் போன பிறகு அவள் திரும்பினாள்.

“ஏனுங்ண்ணா.”

“சொல்லு.”

“அந்த டாக்டரம்மா... பெரியவங்களுக்கும் பாப்பாங்களா?”

“எதுக்கு?”

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். “வயசு முப்பத்திரண்டுங்க. அதுக்கு மேல சரி பண்ண முடியுமுங்களா? இல்ல, கொழந்தைகளுக்கு மட்டுந்தானா?”

காளிச்சாமிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ராசாத்தாளின் ஒரே மகன் அரங்கசாமி. நல்ல வருமானம், நல்ல குணம். வருகிற சம்பந்தத்தையெல்லாம் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவன். செவ்வாய் தோஷம் என்று பரிகாரம் செய்தார்கள். மனசில் வேறு பெண் இருக்கிறாள் என்றார்கள். இந்தத் தை மாதம்கூட, நிச்சயம் பேசி முடித்த இடத்தில் அவன் வாக்கு மாறினான் என்று சபையில் வைத்து, “நம்ம குடும்ப மானத்த வாங்கிட்டியேடா” என்று அவனைக் கைநீட்டப் போனவர் காளிச்சாமிதான்.

“அவனுக்குமா?”

ராசாத்தாள் தலையசைத்தாள். “பொறந்தப்பவே பாத்தனுங்ண்ணா. அவங்கப்பனுக்குக்கூடத் தெரியாது. இப்படி ஒண்ணு ஊர்ல வேற யாருக்கும் இருக்காதுன்னு நெனச்சேன். எம் வயித்துல மட்டும் வந்த சாபம்னு.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காளிச்சாமி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்திரண்டு வருசம்!” என்றார். “அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ராசாத்தா.”

ராசாத்தாள் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே அவர் என்ன கேட்கிறார் என்று புரியாதவள் போலப் பார்த்தாள்.

“உங்ககிட்டயாங்ண்ணா?” என்றாள்.